அதிக டிவிடெண்ட், குறைந்த ஏற்ற இறக்கம்: டெல்டா பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கும்பகோணம், மன்னார்குடி, மாயவரம் பக்கம் பணத்தைப் பற்றிப் பேச்சு வந்தால் இப்போதெல்லாம் அது இ.டி.எஃப். (பங்கு மாதிரி சந்தையில் வாங்கி விற்கும் ஃபண்டு) வரைக்கும் போய்விடுகிறது. பணி ஓய்வில் வந்த தொகை, பிள்ளை சிங்கப்பூரிலிருந்து அனுப்பியது, நாலு மா நிலத்தை விற்றது என்று கையில் ஏதோ ஒரு தொகை இருக்கும். வங்கி வட்டி போதவில்லை, பங்குச் சந்தை என்றாலோ பயம். இப்படி இருப்பவர்கள் கண்ணில் "அதிக டிவிடெண்ட், குறைந்த ஏற்ற இறக்கம்" என்று பட்டால் மனசு அங்கே போகத்தான் செய்யும். டிவிடெண்ட் என்பது நிறுவனம் தன் லாபத்தில் பங்குதாரருக்குக் கொடுக்கும் தொகை, ஏற்ற இறக்கம் என்பது விலை மேலும் கீழும் ஆடுவது. திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். முக்கியமானதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்தியாவில் இந்த வகை இ.டி.எஃப்.கள் பெரும்பாலும் டிவிடெண்டை உங்கள் வங்கிக் கணக்குக்கு அனுப்புவதில்லை. இது தெரியாமல் மாத வருமானத்தை நம்பி வாங்கியவர்கள்தான் பிறகு வருத்தப்படுகிறார்கள்.

இ.டி.எஃப். என்றால் மியூச்சுவல் ஃபண்டுதானே?

ஆமாம், மியூச்சுவல் ஃபண்டில் ஒரு வகை. ஒரு குறியீட்டில், அதாவது ஒரு விதிப்படி பொறுக்கிய பங்குப் பட்டியலில், என்னென்ன பங்கு என்ன அளவில் இருக்கிறதோ அதையே ஃபண்டும் வாங்கி வைத்துக்கொள்ளும். வித்தியாசம் என்னவென்றால், சாதாரண ஃபண்டை ஃபண்டு நிறுவனத்திடமே வாங்கி அவர்களிடமே விற்கிறோம், இ.டி.எஃப். யூனிட்டை ஒரு பங்கை வாங்குவது மாதிரி சந்தையில் இன்னொருவரிடமிருந்து வாங்க வேண்டும். அதனால் டீமேட் கணக்கு (பங்குகளை மின்னணு வடிவில் வைத்திருக்கும் கணக்கு) கட்டாயம்.

டிவிடெண்டும் ஏற்ற இறக்கமும் சேர்ந்த இந்த இ.டி.எஃப்.பில் பங்குகளை எப்படிப் பொறுக்குகிறார்கள்?

இரண்டு சல்லடை. முதலாவது டிவிடெண்ட் ஈட்டு விகிதம்: ஒரு வருஷத்தில் கொடுத்த டிவிடெண்டைப் பங்கின் விலையால் வகுத்தால் வருவது. இரண்டாவது, பங்கின் விலை தினசரி எவ்வளவு மேலும் கீழும் ஆடியது என்பது.

இரண்டையும் ஒன்றாகச் செய்வதற்கு நன்றாகத் தெரிந்த உதாரணம் அமெரிக்காவில் இருக்கிறது. இன்வெஸ்கோ நிறுவனம் 2012 அக்டோபரில் ஆரம்பித்த எஸ்.பி.எச்.டி. என்ற இ.டி.எஃப். அங்குள்ள பெரிய நிறுவனங்களின் எஸ் அண்டு பி 500 பட்டியலில் ஈட்டு விகிதம் அதிகமுள்ள 75 பங்குகளை எடுப்பார்கள், ஒரு துறையில் 10க்கு மேல் சேரவிட மாட்டார்கள், அந்த 75ல் கடந்த ஒரு வருஷத்தில் குறைவாக ஆடிய 50ஐ வைத்துக்கொள்வார்கள். வருஷத்துக்கு இரண்டு முறை பட்டியலைத் திருத்துவார்கள். டிவிடெண்டை மாதாமாதம் கொடுத்துவிடுவார்கள். நம்மூர்க்காரர்கள் யூடியூபில் பார்த்துவிட்டு "மாதாமாதம் பணம் வருமாமே" என்று கேட்பது பெரும்பாலும் இதைப் பற்றித்தான்.

நம் தேசிய பங்குச் சந்தையில் எளிதாகக் கிடைப்பவை தனித்தனியானவை. நிஃப்டி டிவிடெண்ட் ஆப்பர்ச்சூனிட்டீஸ் 50 என்ற குறியீடு டிவிடெண்ட் ஈட்டு விகிதத்தைப் பார்த்து 50 நிறுவனங்களை எடுக்கிறது. இதை ஒட்டி நிப்பான் இந்தியாவிடம் ஒரு இ.டி.எஃப். உண்டு. நிஃப்டி 100 லோ வாலட்டிலிட்டி 30 என்பது பெரிய 100 நிறுவனங்களில் ஒரு வருஷமாகக் குறைவாக ஆடிய 30ஐ எடுத்து, யார் ரொம்பக் குறைவாக ஆடினாரோ அவருக்கு அதிக எடை கொடுப்பது. ஐ.சி.ஐ.சி.ஐ. புருடென்ஷியல் 2017ல் இதில் ஒரு இ.டி.எஃப். கொண்டுவந்தது, பிறகு கோட்டக்கும் கொண்டுவந்தது. இரண்டு குணமும் வேண்டும் என்றால் இரண்டையும் பாதிப் பாதியாக வாங்கலாம், அப்படிச் செய்பவர்களும் இருக்கிறார்கள்.

சரி, மாதாமாதம் கணக்கில் பணம் விழுமா?

இங்கே பெரும்பாலான இ.டி.எஃப்.களில் விழாது. நிறுவனங்கள் கொடுக்கும் டிவிடெண்ட் ஃபண்டுக்குள் வரும், ஃபண்டு அதை வைத்து அதே பங்குகளை இன்னும் கொஞ்சம் வாங்கும், உங்கள் யூனிட்டின் மதிப்பு அந்த அளவுக்கு ஏறும். பணம் எங்கேயும் போய்விடவில்லை, யூனிட்டுக்குள்ளேயே இருக்கிறது. ஆனால் மாசம் பிறந்தால் மளிகைக்கு எடுக்கலாம் என்று நினைத்தவருக்கு அது கையில் கிடைக்காது. எப்போதாவது பணமாகக் கொடுத்த இ.டி.எஃப்.களும் உண்டு, ஆனால் இவ்வளவு தேதியில் இவ்வளவு வரும் என்ற உறுதி எதிலும் கிடையாது. வாங்குவதற்கு முன்னால் அந்தத் திட்டத்தின் ஆவணத்தில் டிவிடெண்டை என்ன செய்கிறார்கள் என்று எழுதியிருப்பதைத் தேடிப் படியுங்கள்.

கைக்குப் பணம் வேண்டுமென்றால் யூனிட்டில் கொஞ்சம் கொஞ்சமாக விற்க வேண்டும். இதைச் சொன்னதும் முகம் வாடிவிடுகிறது, "முதல் தொகையை அல்லவா தின்பது" என்கிறார்கள். அந்த உணர்வு எனக்குப் புரிகிறது. குத்தகை நெல்லை வாங்கிச் சாப்பிடுவது ஒன்று, நிலத்தையே ஒரு மா ஒரு மாவாக விற்பது வேறு என்று வளர்ந்த ஊர் இது. ஆனால் குத்தகை அளந்த மறுநாள் நிலத்தின் விலை குறைவதில்லை. பங்கு அப்படி இல்லை. டிவிடெண்ட் கொடுத்தால் நிறுவனத்தின் கஜானாவிலிருந்து அந்தப் பணம் வெளியே போகிறது; 300 ரூபாய் பங்கு 10 ரூபாய் கொடுத்தால், டிவிடெண்டுக்கான தகுதி முடியும் நாளில் விலை ஏறக்குறைய அந்த 10 ரூபாய் கீழேதான் தொடங்கும். அதனால் டிவிடெண்டாக 10 ரூபாய் வாங்குவதும், 10 ரூபாய்க்கு யூனிட்டை விற்பதும் கணக்கில் கிட்டத்தட்ட ஒன்றுதான், வரியில்தான் வித்தியாசம். அதைக் கீழே சொல்கிறேன்.

ஒன்று கவனியுங்கள்: மியூச்சுவல் ஃபண்டில் மாதம் இவ்வளவு என்று தானாக எடுத்துக்கொடுக்கும் எஸ்.டபிள்யூ.பி. வசதி இருக்கிறது, இ.டி.எஃப்.பில் ஃபண்டு நிறுவனம் அதைச் செய்து தராது, நீங்களேதான் ஒவ்வொரு முறையும் விற்க வேண்டும். இதே லோ வாலட்டிலிட்டி 30 குறியீட்டை ஒட்டி சாதாரண இண்டெக்ஸ் ஃபண்டுகளும் இருக்கின்றன. மாதா மாதம் எடுத்தே ஆக வேண்டியவருக்கு இ.டி.எஃப்.பை விட அதுதான் தோது என்பது என் எண்ணம்.

10 லட்சம் போட்டால் எவ்வளவு வரும்?

நிஃப்டி 50 (தேசிய பங்குச் சந்தையின் 50 பெரிய நிறுவனங்கள் அடங்கிய குறியீடு) நிறுவனங்களின் டிவிடெண்ட் ஈட்டு விகிதம் சில வருஷங்களாக 1 முதல் 1.5 சதவீதத்தை ஒட்டித்தான் இருக்கிறது. டிவிடெண்டுக்காகவே பொறுக்கிய கூடையில் அதைவிடக் கூட இருக்கும். தாராளமாக 3 சதவீதம் என்றே வைத்துக்கொண்டாலும் 10 லட்சத்துக்கு வருஷம் 30,000, மாதம் 2,500. அதையும் மேலே சொன்னபடி ஃபண்டே வைத்துக்கொள்ளும்.

பக்கத்தில் இதை வைத்துப் பாருங்கள். தபால் நிலையத்தில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம் 2023 ஏப்ரலில் 8.2 சதவீதம் ஆனது. அந்த விகிதத்தில் 10 லட்சத்துக்கு மூன்று மாதத்துக்கு ஒரு முறை 20,500 ரூபாய் கணக்கில் விழும். வட்டி விகிதத்தை அரசு காலாண்டுக்கு ஒரு முறை பரிசீலிக்கும், ஆனால் நீங்கள் போட்ட நாளின் விகிதம் 5 வருஷத்துக்கு மாறாது. ஒருவருக்கு 30 லட்சம் வரை போடலாம். ஆகவே 60 வயதைத் தாண்டி, இன்றைக்கே வருமானம் வேண்டும் என்பவருக்கு முதல் இடம் அதுதான். இ.டி.எஃப். எதற்கு என்றால், 8.2 சதவீதம் இன்னும் பத்து வருஷம் கழித்து அரிசி, மருந்து விலைக்கு ஈடு கொடுக்காது, நிறுவனங்களின் லாபமும் டிவிடெண்டும் காலப்போக்கில் வளர வாய்ப்பு இருக்கிறது. அந்த வளர்ச்சிக்காகத்தான் பணத்தில் ஒரு பகுதியை இங்கே ஒதுக்குவது.

12 சதவீதம், 15 சதவீதம் டிவிடெண்ட் காட்டும் பங்கை நேராகவே வாங்கிவிட்டால் என்ன?

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நின்று பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதிகம் அடிபடுவது இங்கேதான்.

ஈட்டு விகிதம் ஒரு வகுத்தல் கணக்கு. டிவிடெண்ட் கூடினாலும் அது ஏறும், பங்கின் விலை சரிந்தாலும் ஏறும். விலை பாதியானால், பழைய டிவிடெண்டை வைத்துப் போடும் விகிதம் இரட்டிப்பாகத் தெரியும், நிறுவனம் திணறிக்கொண்டிருக்கும் நேரத்தில்தான் பட்டியலில் முதலிடத்தில் வந்து நிற்கும். இன்னொரு வகை, ஒரு வருஷம் மட்டும் அள்ளிக் கொடுப்பது. வேதாந்தா 2022–23 நிதியாண்டில் ஒரு பங்குக்கு 101.50 ரூபாய் கொடுத்தது, அடுத்த ஆண்டு 29.50 ரூபாய். முதல் வருஷத்து விகிதத்தைப் பார்த்து, இது வருஷா வருஷம் வரும் என்று வாங்கியவரின் வீட்டுக் கணக்கு என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

அப்புறம் நம்ம பக்கத்தில் மறக்கக் கூடாத ஒன்று, கரூரில் 1926ல் தொடங்கிய லட்சுமி விலாஸ் வங்கி. காவிரிக் கரை ஊர்களில் கிளை இருந்த வங்கி, பார்த்துப் பழகிய பெயர். 2020 நவம்பரில் டி.பி.எஸ். வங்கியோடு இணைத்தபோது டெபாசிட் போட்டவர்களின் பணம் காப்பாற்றப்பட்டது, பங்கு வைத்திருந்தவர்களின் முதல் முழுக்க எழுதித் தள்ளப்பட்டது. பூஜ்யம். 50 நிறுவனம் உள்ள கூடையில் ஒன்று இப்படிப் போனால் வலிக்கும், ஆனால் சோறு நிற்காது. தெரிந்த நிறுவனம், நம்மூர் நிறுவனம் என்ற நம்பிக்கையில் ஓய்வுக்காலப் பணத்தை ஒரே பங்கில் போடாதீர்கள், தயவுசெய்து.

குறைந்த ஏற்ற இறக்கம் என்றால் நஷ்டம் வராது என்று அர்த்தமா?

இல்லை. மற்றவற்றை விடக் குறைவாக ஆடும், அவ்வளவுதான். 2020 ஜனவரி உச்சத்திலிருந்து மார்ச் 23க்குள் நிஃப்டி 50 சுமார் 38 சதவீதம் விழுந்தது, கடைசி நாளில் மட்டும் ஏறக்குறைய 13 சதவீதம். லோ வாலட்டிலிட்டி 30 அதைவிடக் கொஞ்சம் குறைவாக விழுந்தது, ஆனாலும் பலமாகவே விழுந்தது. மேலே சொன்ன அமெரிக்க எஸ்.பி.எச்.டி.யின் கதை இன்னும் மோசம்: பேரிலேயே குறைந்த ஏற்ற இறக்கம் இருந்தும் அந்த மாதத்தில் அது எஸ் அண்டு பி 500ஐ விடக் கூடுதலாக விழுந்தது. டிவிடெண்ட் சல்லடை எண்ணெய், ரியல் எஸ்டேட் பக்கம் நிறைய நிறுவனங்களைக் கொண்டுவந்திருந்தது, ஊரடங்கில் முதலில் அடி வாங்கியதும் அவைதான். போன வருஷம் ஆடாமல் இருந்த பங்கு இந்த வருஷமும் ஆடாது என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை.

டிவிடெண்டும் அதே நேரத்தில் நிற்கலாம். 2020 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி, முந்தைய மாதம் முடிந்த 2019–20 நிதியாண்டின் லாபத்திலிருந்து மேற்கொண்டு டிவிடெண்ட் கொடுக்க வேண்டாம் என்று வங்கிகளுக்கு உத்தரவே போட்டது.

இன்னொன்று, சந்தை வேகமாக ஏறும்போது இந்த ஃபண்டுகள் பின்தங்கும். பக்கத்து வீட்டுக்காரர் மிட்கேப்பில் (நடுத்தர அளவு நிறுவனங்களின் பங்குகளில்) 40 சதவீதம் என்று சொல்லும் வருஷத்தில் உங்களுடையது அதில் பாதிகூட ஏறாமல் இருக்கலாம். அப்போது விற்றுவிட்டு அவர் பின்னால் ஓடுபவருக்கு இந்த வகையே வேண்டாம்.

இந்த ஃபண்டை வாங்கினால் ஓ.என்.ஜி.சி. பங்கும் சேர்ந்து வருமா?

டெல்டாவில் மட்டும் கேட்கும் கேள்வி, நியாயமான கேள்வி. 2017ல் கதிராமங்கலத்தில், பொதுத்துறை எண்ணெய் நிறுவனமான ஓ.என்.ஜி.சி.யின் எண்ணெய்க் குழாய் உடைந்து வயலில் கசிந்ததையும், அதையொட்டி நடந்த போராட்டத்தையும் நேரில் பார்த்தவர்கள் இங்கே இருக்கிறார்கள். 2020ல் டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கிச் சட்டம் வந்ததும் அந்த வழியில்தான். அந்த நிறுவனத்தின் லாபத்தில் எனக்குப் பங்கு வேண்டாம் என்று ஒருவர் சொன்னால் அதில் வாதாட எதுவும் இல்லை.

நடைமுறை என்னவென்றால், இ.டி.எஃப்.பில் ஒரு நிறுவனத்தை மட்டும் கழித்துவிட்டு வாங்க முடியாது. பொதுத்துறை நிறுவனங்களுக்கென்றே 2014ல் வந்த சி.பி.எஸ்.இ. இ.டி.எஃப்.பில் ஓ.என்.ஜி.சி.க்குப் பெரிய எடை உண்டு, கோல் இந்தியாவும் அதில்தான். டிவிடெண்ட் குறியீடுகளிலும் இந்த மாதிரிப் பொதுத்துறை எண்ணெய், நிலக்கரி, மின்சார நிறுவனங்களும், சிகரெட் விற்கும் ஐ.டி.சி.யும் சாதாரணமாக இடம் பெறுபவை. லோ வாலட்டிலிட்டி 30 பக்கம் நுகர்பொருள், மருந்து நிறுவனங்கள் நிறைய வரும். ஃபண்டு நிறுவனத்தின் தளத்தில் என்னென்ன பங்கு இருக்கிறது என்ற பட்டியல் இருக்கும், மனசுக்கு ஒப்பாதது இருந்தால் வேறு ஃபண்டுக்குப் போங்கள்.

வரி எப்படி?

2020 ஏப்ரலுக்கு முன்னால் டிவிடெண்டுக்கான வரியை நிறுவனமே கட்டிவந்தது. இப்போது அது உங்கள் வருமானத்தோடு சேர்ந்து, உங்கள் வரி அடுக்கின்படி கட்ட வேண்டும். 2025 ஏப்ரலில் இருந்து ஒரு நிறுவனத்திடமிருந்து வருஷத்தில் 10,000 ரூபாய்க்கு மேல் டிவிடெண்ட் வந்தால் 10 சதவீதம் பிடித்துக்கொண்டுதான் கொடுப்பார்கள். அதற்கு முன் வரம்பு 5,000.

இ.டி.எஃப்.பை விற்றால் கணக்கே வேறு. பங்குச் சார்ந்த இ.டி.எஃப்.பை ஒரு வருஷத்துக்கு மேல் வைத்திருந்து விற்றால், நிதியாண்டில் 1.25 லட்சம் வரை லாபத்துக்கு வரி இல்லை, அதற்கு மேல் 12.5 சதவீதம். ஒரு வருஷத்துக்குள் விற்றால் 20 சதவீதம். 2024 ஜூலை 23ல் இருந்து இந்த விகிதங்கள். வரி உங்கள் லாபத்துக்கு மட்டும்தான், விற்ற தொகை முழுவதுக்கும் இல்லை. டிவிடெண்டிலோ வந்த தொகை முழுவதும் வருமானம். 20, 30 சதவீத அடுக்கில் இருப்பவருக்கு டிவிடெண்டை ஃபண்டே வைத்துக்கொள்வது நல்லதாகவே முடிகிறது.

புதிய வரி முறையில் 12 லட்சம் வரை வரி வராது என்ற சலுகை, இந்தப் பங்கு லாபத்துக்கான 12.5 சதவீத வரிக்குப் பொருந்தாது. நிறையப் பேர் இதைத் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள்.

எனக்கு விவசாய வருமானம் மட்டும்தான், டிவிடெண்டுக்கும் வரி இல்லையே?

விவசாய வருமானத்துக்குத்தான் விலக்கு, டிவிடெண்டுக்கு இல்லை. மற்ற வருமானம் அடிப்படை விலக்கு வரம்பைத் தாண்டி, விவசாய வருமானமும் 5,000 ரூபாய்க்கு மேல் இருந்தால், எந்த விகிதத்தில் வரி என்று பார்ப்பதற்கு நெல் வருமானத்தையும் கணக்கில் சேர்ப்பார்கள். குத்தகைச் சீட்டு, கொள்முதல் நிலைய ரசீது இவற்றை எடுத்துவையுங்கள்.

எப்படி வாங்குவது? செயலியில் பட்டனை அழுத்தினால் போதுமா?

இங்கேதான் கவனம் வேண்டும். இந்த வகை இ.டி.எஃப்.களில் தினமும் நடக்கும் வியாபாரம் குறைவு. உதாரணத்துக்கு, யூனிட்டின் உண்மையான மதிப்பு அந்த நிமிஷத்தில் 20.40 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம் (ஃபண்டு நிறுவனத்தின் தளத்தில் ஐ-நாவ் என்று சந்தை நேரம் முழுக்கக் காட்டுவார்கள்). திரையில் வாங்க நிற்பவர் 20.30 கேட்கிறார், விற்க நிற்பவர் 20.95 சொல்கிறார். நீங்கள் "சந்தை விலைக்கு" என்று போட்டு அழுத்தினால் 20.95க்கு வாங்கிவிடும். வாங்கிய அந்த நொடியிலேயே 2.7 சதவீதம் கூடக் கொடுத்தாயிற்று, கிட்டத்தட்ட ஒரு வருஷத்து டிவிடெண்ட்.

எனவே "லிமிட்" என்பதைத் தேர்ந்தெடுத்து 20.42, 20.45 என்று உங்கள் விலையை எழுதிப் போட்டுவிட்டுப் பொறுங்கள். காலை 9.15க்குச் சந்தை திறந்ததும் முதல் கால் மணி நேரமும், 3.30க்கு மூடுவதற்கு முந்தைய கடைசி நிமிஷங்களும் வேண்டாம். அன்றைக்குக் கிடைக்கவில்லையா, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம். விற்கும்போதும் இதே மாதிரிதான், கூடவே விற்கும் நாளுக்கு ஒரு சிறு டீமேட் கட்டணம் பிடிப்பார்கள் என்பதால் மாதம் 1,000, 2,000க்கு விற்பதை விட மூன்று மாதத்துக்கு ஒரு முறை சேர்த்து விற்கலாம்.

நெல் பணம் வந்ததும் மொத்தமாகப் போடலாமா?

சம்பா பணம் கொள்முதல் நிலையத்திலிருந்து கணக்கில் ஏறியதும் கை பரபரக்கும். அடுத்த பட்டத்துக்கான விதை, உழவு, நடவுக் கூலி, உரம், நகைக்கடன் இவற்றுக்கு வேண்டியதைத் தனியாக வையுங்கள். அது போக ஆறு மாதச் சாப்பாட்டுச் செலவு வங்கியில் இருக்கட்டும். 2018 நவம்பரில் கஜா புயல் வந்தபோது பட்டுக்கோட்டை, வேதாரண்யம் பக்கம் தென்னை சாய்ந்த வீடுகளுக்கு அடுத்த வாரமே பணம் தேவைப்பட்டது. அந்த மாதிரி நாளில் சந்தையும் கீழே இருந்தால் நஷ்டத்துக்கு விற்க நேரும். மிச்சம் இருப்பதை ஏழெட்டுத் தவணையாகப் பிரித்து மாதம் ஒன்றாகப் போடுங்கள். ஏழு வருஷமாவது தொட வேண்டியிருக்காத பணமாக இருக்க வேண்டும்.

அமெரிக்க இ.டி.எஃப்.பையே இங்கிருந்து வாங்கலாம் என்கிறார்களே?

வாங்கலாம். ரிசர்வ் வங்கி விதிப்படி ஒருவர் நிதியாண்டில் 2.5 லட்சம் டாலர் வரை அனுப்ப முடியும், 10 லட்சம் ரூபாயைத் தாண்டினால் தாண்டிய தொகைக்கு 20 சதவீதம் முன்கூட்டியே வரியாகப் பிடித்து, பிறகு கணக்குத் தாக்கல் செய்யும்போது சரிசெய்வார்கள். மாதாமாதம் வரும் டிவிடெண்டில் அமெரிக்கா 25 சதவீதம் எடுத்துக்கொண்டுதான் அனுப்பும். இங்கே அதைக் கழித்துக் காட்டலாம், ஆனால் வருமான வரிப் படிவத்தில் வெளிநாட்டுச் சொத்து என்று ஒவ்வொரு வருஷமும் விவரம் எழுதியாக வேண்டும், விட்டால் பெரிய அபராதம் வரலாம். வைத்திருப்பவர் இறந்துவிட்டால், அங்குள்ள சொத்து 60,000 டாலருக்கு மேல் இருந்தால் அமெரிக்க வாரிசு வரியும் உண்டு. மாதம் பத்தாயிரம் வருமானத்துக்காக இவ்வளவையும் தலையில் ஏற்றிக்கொள்ள வேண்டுமா என்று யோசியுங்கள். என்னைக் கேட்டால் வேண்டாம்.

பையன் சிங்கப்பூரில் இருக்கிறான், அவன் பேரிலேயே வாங்கிவிடலாமா?

அவர் வெளிநாட்டுவாசி ஆகிவிட்டால் இங்கே படிக்கும்போது திறந்த சேமிப்புக் கணக்கையும் டீமேட்டையும் அப்படியே ஓட்டக் கூடாது, வெளிநாட்டில் வாழும் இந்தியர்களுக்கான என்.ஆர்.ஓ. அல்லது என்.ஆர்.இ. வங்கிக் கணக்கோடு இணைந்த டீமேட்டுக்கு மாற்ற வேண்டும். அதற்குப் பிறகு தாராளமாக வாங்கலாம்.

கணக்குத் தொடங்கும்போதே நிராகரித்துவிட்டார்கள், ஏன்?

நூற்றுக்குப் பாதி இனிஷியல் தகராறுதான். பான் அட்டையில் அப்பா பெயர் விரிவாக இருக்கும், ஆதாரில் முன்னால் ஓர் எழுத்து மட்டும், வங்கிப் புத்தகத்தில் அதே எழுத்து பின்னால். மூன்றும் ஒத்துப்போகவில்லை என்று திருப்பிவிடுவார்கள். டீமேட்டுக்குப் போவதற்கு முன்னால் இ-சேவை மையத்தில் ஆதாரைப் பானுக்குப் பொருந்துகிற மாதிரி திருத்திக்கொண்டு, வங்கியிலும் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

நாமினி போட்டால் போதுமா?

கட்டாயம் போடுங்கள், 2025 மார்ச்சிலிருந்து 10 பேர் வரை போடலாம், யாருக்கு எத்தனை சதவீதம் என்றும் குறிக்கலாம். நாமினி இல்லாமல் போனால் தாலுகா அலுவலகத்தில் வாரிசுச் சான்றிதழ், தொகை பெரிதாக இருந்தால் நீதிமன்றம் என்று மாதக்கணக்கில் அலைய வேண்டியிருக்கும். நாமினி பணத்தைப் பெற்றுக்கொள்ளும் ஆள்தான், சட்டப்படி அது வாரிசுகளுக்கே சேரும் என்பதால், பிள்ளைகளுக்குள் பிரிவினை வரும் என்று தோன்றினால் ஓர் உயிலும் எழுதிவிடுங்கள். வீட்டில் ஒருவருக்காவது டீமேட் எந்த புரோக்கரிடம் இருக்கிறது, கணக்கு எண் என்ன என்பது தெரிந்திருக்க வேண்டும். பாஸ்புத்தகம் வைத்திருக்கும் அதே பீரோவில் ஒரு தாளில் எழுதி வைத்தால் போதும்.